திருவீதியும் ஊர்க்காப்பும்

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் வீதிப் புறப்பாடு கண்டருளும்போது வேறொரு காரியமும் உடன் நிகழ்கிறது. அதனைக் கண்ணால் கண்டும் கருத்தில் வாங்குவோர் சிலரே. காலை முதல் ஓயாது ஓடிக்கொண்டிருந்த காரும் ஆட்டோவும் இருசக்கர வண்டியும் திருவீதிகளின் முனையில் நிறுத்தப்படுகின்றன. கயிறோ தடுப்புக் கட்டையோ குறுக்கே இடப்படுகிறது. உடனே வீதி அகன்றுவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. முதியோர் நடுவீதியில் அச்சமின்றி நிற்கின்றனர். குழந்தைகள் தாயின் கையை விட்டு ஓடுகின்றனர். வாசற்கோலம் முழுமையாகக் கண்ணிற்படுகிறது. முன்னே செல்லும் திவ்யப்பிரபந்த கோஷ்டியின் குரலும் பின்னே வரும் வேத கோஷ்டியின் குரலும் தனித்தனியே செவியில் விழுகின்றன. பிறகு, கருட வாகனம் மண்டபத்தைச் சேர்ந்த நாழிகைக்குள் மற்ற வாகனங்கள் வந்து வீதியைக் கைக்கொண்டுவிடுகின்றன.

இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில் வீதி எந்நிலையில் இருந்ததோ, அந்நிலையிலேயே என்றும் இருத்தற்பொருட்டு அமைக்கப்பட்டவை கோயிலைச் சூழ்ந்த வீதிகள். பழைய ஊர்களின் நடுப்பகுதியில் மோட்டார் வண்டிகளை விலக்கி, வீதிகளை நடப்பவர்க்கே உரியனவாக்கும் முயற்சி இன்று பல தேசங்களில் நடைபெறுகிறது. தொன்மையான ஊரைக் காக்க இதுவே வழி என்று நகர நிர்மாண சாஸ்திரம் கற்றோர் பலரும் கூறுவர். வழி என்பதில் ஐயமில்லை. இதுவே முழு வழியாகுமா என்பதுதான் ஆராயத்தக்கது. இவ்வாராய்ச்சிக்கு வடமொழிச் சொற்கள் இரண்டே நல்ல வாயிலாக அமைகின்றன.

ரத்யா, வீதீ

தெருவைக் குறிக்க வடமொழியில் வழங்கும் சொற்களுள் ரத்யா என்பது ஒன்று. ரதம் செல்லுதற்கு உரியது என்பது அதன் பொருள். இச்சொல் தெருவைச் செல்லும் வழியாகவே காண்கிறது. வீதீ என்பது மற்றொன்று; தமிழில் வீதி என வழங்குவது இதுவே. இதன் முதற்பொருள் வழி என்பதன்று, வரிசை என்பதாகும். அமரகோசம் மரங்களைக் கூறும் வர்க்கத்தில் இச்சொல்லை ஆவலி, பங்க்தி, ச்ரேணீ முதலிய வரிசைப் பெயர்களோடு சேர்த்தே படிக்கிறது. ஆகவே இருமருங்கும் மனைகள் வரிசையாக நிற்பதனால் அவ்விடம் வீதியாயிற்று. மனைகளை நீக்கிவிட்டு நடுவிலுள்ள தரையை மட்டும் வைத்துக்கொண்டால் அது ரத்யாவாக இருக்கலாம், வீதியாகாது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மேல்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

நடப்பவர்க்கெனத் தனிவழி வேண்டும் என்பது பண்டையோர் அறியாததன்று. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம், துர்க்கத்தினுள் வழிகள் அமையவேண்டிய அளவைக் கூறுமிடத்து, ராஜமார்க்கத்திற்கு எட்டுத் தண்டமும் ரத்யைகளுக்கு நான்கு தண்டமும் விதிக்கிறது. தண்டம் என்பது ஏறத்தாழ ஆறடி. அவ்வளவில் நில்லாமல், ரதம் செல்லும் வழிக்கு ஐந்து முழம், பசுக்கள் செல்லும் வழிக்கு நான்கு முழம் என்று இறங்கி வந்து, ஆடு முதலிய சிறு பிராணிகளும் மனிதர்களும் செல்லும் வழி இரண்டு முழம் என்று முடிக்கிறது. மனுஷ்யபதம் என்று பெயரிட்டே கூறியிருப்பது கவனிக்கத்தக்கது. இவ்வழியை அடைப்பவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டனை என்பதும் அந்நூலில் உண்டு. இரண்டு முழ அகலமுள்ள சந்தேயாயினும் அதனை மறிப்பது குற்றமே. நடைபாதையின்மேல் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்வோர் இதனை அறிந்தால் நன்று.

மனுஸ்மிருதியில், எதிர்ப்படும்போது யாருக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு வரிசை சொல்லப்பட்டிருக்கிறது. வண்டியில் வருபவன், தொண்ணூறு வயது கடந்தவன், நோயாளி, சுமை தூக்குபவன், பெண், ஸ்நாதகன், அரசன், மணமகன் என்பது அது. முதலில் நிற்பவன் வண்டியில் வருபவன் ஆயிற்றே என்று சிலர் வினவுவர். மெய்தான்; அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. திருப்புதற்கு அரியதாய், ஊருக்கு ஒன்றிரண்டாய் இருந்த மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் விதிக்கப்பட்ட மரியாதை அது. ஒரு வீதியில் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான இயந்திர வண்டிகள் செல்லும் காலத்தில், அந்த முதல் வரிசைக்காரனே எஞ்சிய அனைவருக்கும் உரிய வழியை எடுத்துக்கொண்டுவிட்டான். முதியவனும் நோயாளியும் சுமைகாரனும் ஓரத்திலுள்ள சாக்கடை மூடியின்மேல் நடக்கின்றனர்.

பாரத நாட்டிற்கு வெளியேயும் இவ்வெண்ணம் பழைமையானதே. ரோமாபுரியில், ஜூலியஸ் சீசர் காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சட்டம் ஒன்று வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டுக் கிடைத்திருக்கிறது. சூரியோதயம் முதல் பகலின் பத்தாம் ஓரை வரையில் நகரத்தினுள் சுமைவண்டிகள் ஓட்டலாகாது என்பது அதன் விதி. விலக்குகள்தாம் சுவையானவை. தேவாலயங்களைக் கட்டுவதற்குப் பொருள் கொண்டுவரும் வண்டிகள், பொதுச் சடங்கு நாட்களில் அர்ச்சகர்கள் செல்லும் வண்டிகள், விளையாட்டு விழாக்களுக்கு முன் நிகழும் தேவதா ஊர்வலத்திற்குரிய வண்டிகள் இவற்றுக்குத் தடையில்லை. பகலில் நின்ற சுமைவண்டிகள் யாவும் இரவில் கிளம்பி ஊராரின் உறக்கத்தைக் கெடுத்தன என்று அந்நாட்டுப் புலவர்கள் குறைகூறியதும் உண்டு. ஒரு வீதியை அடைத்தால் அந்தப் பாரம் வேறொரு வீதியிலோ வேறொரு வேளையிலோ இறங்கும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

திருவரங்கத்து வீதிகள்

ரத்யாவும் வீதியும் ஒன்றாய்ப் பொருந்தியிருப்பதற்குத் திருவரங்கத்தினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகளில் மக்கள் குடியிருக்கின்றனர். மதில்களுக்கு இடையே ஊரும், ஊருக்கு நடுவே பெருமாளும் என்றபடி அமைந்த க்ஷேத்ரம் அது. உத்திர வீதி, சித்திரை வீதி என்று உத்ஸவங்களை ஒட்டியே வீதிகள் பெயர் பெற்றுள்ளன. அவற்றையும் கடந்தால் அடையவளைந்தான் திருவீதி. விருப்பன் திருநாளாகிய சித்திரைப் பெருவிழாவில் தேர் சித்திரை வீதிகளில் ஓடுகிறது. தேர் ஓடுகிறது என்று சொல்வது வழக்கமேயன்றி, அது நடப்பதே உண்மை. வடம் பிடிப்போர் எவ்வளவு விரைவாக நடப்பரோ அவ்வளவே அதன் வேகம். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்து அதனைத் திருப்பும் தொழிலாளரும் நடந்தே பணி செய்கின்றனர். தேரின் அகலம், அது திரும்பும் மூலையின் விரிவு, ஸ்ரீபாதம் தாங்குவோர் மாற்றுத்தோள் கொடுக்க நிற்கும் இடம், மண்டகப்படி நடக்கும் வாசல் ஆகிய இவையெல்லாம் வீதியின் அளவோடு பொருந்தியவை. ஆக, வீதி முழுவதும் மனித நடையை அளவுகோலாகக் கொண்டது.

வரிசை என்னும் மற்றைப் பொருளும் அங்கே நிறைவாகவே விளங்குகிறது. பழைய மனைகள் முகப்புக் குறுகி உட்புறம் நீண்டவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். இரு வீடுகளுக்கிடையே பெரும்பாலும் ஒரே பொதுச்சுவர். ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டின் சுவர் வெயிலிலும் மழையிலும் நிற்க நேரும். அவ்வீடுகளில் வசித்தவர்கள் யாவர்? அத்யாபகர்கள், அரையர்கள், பரிசாரகர்கள், மாலை கட்டுவோர், நாதஸ்வர வித்வான்கள், ஸ்ரீபாதம் தாங்குவோர் என்று கோயில் மணி ஓசை கேட்கும் தொலைவில் இருக்கவேண்டியவர்கள் அநேகர். விடியற்காலையில் திருச்சந்நிதி திறக்கும்போது நடந்து வரக்கூடிய தொலைவிலேயே அவர்கள் இருந்தாக வேண்டும். திருவீதிக் குடியிருப்பு வெறும் அலங்காரமாக அமைந்ததன்று. கைங்கரியம் தடையின்றி நடப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடு அது.

புதுப்பணி செய்யும்போது முன்னரே இருப்பதை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதற்கும் அவ்விடத்திலேயே ஒரு ஐதிஹ்யம் வழங்குகிறது. திருமங்கையாழ்வார் திருமதில் எடுத்துக்கொண்டு வருகையில், தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் குறுக்கிட்டது. மதிலை நேரே கொண்டுசென்றால் துளசியும் பூஞ்செடிகளும் அழியும். மதிலின் போக்கை ஒதுக்கி, நந்தவனத்திற்கு ஊறு நேராவண்ணம் கட்டினார் என்றும், அதுகண்டு உகந்த தொண்டரடிப்பொடியாழ்வார் தம் பூந்தோட்டக் கருவிக்கு அருள்மாரி என்னும் பெயரையிட்டார் என்றும் பூர்வர்கள் அருளிச்செய்வர். நேர்கோடு வேண்டும் என்பதற்காக வாழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றை அழிக்கலாகாது என்னும் கருத்து, இக்காலத்தார் பெரிய நூல்களில் எழுதுவது, அவ்வரலாற்றில் எளிதாக அடங்கிக் கிடக்கிறது.

இத்தகைய வீதிக்கு மோட்டார் வண்டி செய்யும் தீங்கு புகையும் ஓசையும் மட்டுமன்று. கோபுர வாசல்கள் பல்லக்கும் யானையும் செல்ல அமைந்தவை. அவற்றின் வழியே இன்று இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் இருபுறமும் நெருக்கிச் செல்கையில், நடந்து வரும் சேவார்த்தி நிலைக்காலோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது. கோபுரத்தை அண்ணாந்து சேவிக்க ஒரு கணம் நிற்பவரை ஒலிப்பான் விரட்டுகிறது. இதனினும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. வண்டிகளுக்காக இட்ட தார், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய தாரின்மேலேயே மீண்டும் இடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் வீதி சில அங்குலம் உயர்கிறது. வீடு உயர்வதில்லை. மூன்று படி ஏறிச் செல்ல வேண்டிய திண்ணை, ஒரு படியாகி, பின்னர் வீதியோடு சமமாகி, இறுதியில் வீதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மழைநீர் ரேழியில் புகுகிறது. மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் அடியில் ஈரம் ஏறி உதிர்கின்றன. பழைய வீட்டில் இனி இருக்க முடியாது என்று சொந்தக்காரர் தீர்மானிக்கும் நாள் அவ்வாறு வருகிறது. வேறு சிலர் கார் நிறுத்துவதற்காகத் திண்ணையை இடித்துவிடுகின்றனர். திண்ணை போன பின்னர் வழிநடந்து வந்தவர் அமர்வதற்கு வீதியில் இடமில்லை. வீட்டாருக்கும் வீதிக்கும் இருந்த உறவும் அத்துடன் போகிறது.

மேனாட்டார் கண்ட அநுபவம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பாவில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது பழைய நகரங்கள் மூச்சுத் திணறின. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெ என்னும் பழைய கடைத்தெரு, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது, 1962 நவம்பர் மாதத்தில் பரீக்ஷார்த்தமாக வண்டிகளுக்கு அடைக்கப்பட்டது. குளிர் மிகுந்த வடநாட்டில் தெருவில் உலாவ யார் வருவார் என்று பத்திரிகைகள் ஐயுற்றன. வியாபாரிகள் அஞ்சினர். மக்கள் திரளாக நடந்து வந்தனர். 1964-இல் அவ்வேற்பாடு நிலையாக்கப்பட்டது. வியாபாரம் குறையவில்லை, வளர்ந்தது. வளர்ந்தபின் வேறொரு விளைவும் தொடர்ந்தது. நடப்பவர் கூட்டம் மிகுந்த தெருவில் கடைவாடகை ஏறுகிறது. ஏறிய வாடகையைக் கொடுக்கத் திறனுள்ள பெருநிறுவனங்கள் வருகின்றன. தலைமுறையாகச் சிறு தொழில் செய்தவர் விலகுகின்றனர். இது அந்நகரத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. வண்டி நீங்கிய தெருக்கள் பலவற்றிலும் நேர்ந்திருக்கிறது.

வண்டி இல்லாமையே ஊரைக் காத்துவிடும் என்று எண்ணுவோர் வெனிஸ் நகரத்தை நினைக்க வேண்டும். கால்வாய்களும் சந்துகளுமாய் அமைந்த அந்நகரத்தின் பழைய பகுதியில் மோட்டார் வண்டி என்றுமே ஓடியதில்லை. மாளிகைகளும் ஆலயங்களும் பாலங்களும் அழகு குன்றாமல் நிற்கின்றன. அப்பகுதியில் 1951-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,75,000 பேர் வசித்தனர். 2022-ஆம் ஆண்டில் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. வேலைவாய்ப்பு, வெள்ளம், வீட்டுவிலை எனக் காரணங்கள் பல. வீடுகளைப் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாற்றியது அவற்றுள் ஒன்று. பார்க்க வருவோர் கூட்டம் தாங்காமல், 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமும் வாங்கத் தொடங்கினர். ஊருக்குள் செல்லச் சீட்டு வாங்க வேண்டிய நிலை வந்தபின், அதனை ஊர் என்பதா, பொருட்காட்சி என்பதா என்று அந்நாட்டாரே கேட்கின்றனர்.

அதே இத்தாலி நாட்டில் பொலோஞா என்னும் நகரம் வேறு வழி கண்டது. திருவிழாவிற்கு வந்த அன்பர்கள் இவ்வூரைப் பற்றி அறிந்துகொள்வது மிகப் பொருத்தமாகும். ஏனெனில் அவ்வூரின் புகழ்பெற்ற அமைப்பு ஒன்று தெய்வ உலாவுக்காகவே எழுந்தது. ஊர்ப்புறத்திலுள்ள குன்றின்மேல் புனித லூக்கா பெயரால் வழங்கும் மேரியன்னை ஆலயம் இருக்கிறது. 1433-ஆம் ஆண்டில் இடைவிடாத மழையால் பயிர் அழியும் தறுவாயில், அங்குள்ள திருவுருவப் படத்தை ஊருக்குள் எழுந்தருளச் செய்தனர். மழை நின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. அன்று முதல் ஆண்டுதோறும் அத்திருவுருவம் குன்றிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்து, சில நாட்கள் தங்கி, மீண்டும் செல்கிறது. இக்காலத்தில் மே மாதத்தை ஒட்டி அவ்விழா நடைபெறுகிறது. உத்ஸவமூர்த்தி ஊர் நடுவிலுள்ள மண்டபத்தில் எழுந்தருளியிருப்பதைக் கண்டு பழகியவர்க்கு இது எளிதில் விளங்கும். ஊர்வலத்தார் மழையிலும் வெயிலிலும் துன்புறாதபடி 1674-இல் தொடங்கி ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்திற்கு வளைவு மண்டபப் பாதை ஒன்றைக் கட்டினர். வளைவுகள் 666. குடும்பத்தாரும் தொழிற்சங்கத்தாரும் தத்தம் உபயமாக வளைவுகளைக் கட்டிக்கொடுத்தனர்.

இப்படிப்பட்ட மூடு நடைபாதைகள் ஊர் முழுவதும் உண்டு. புதிய வீடு கட்டுவோர் வாசலில் இவற்றை அமைத்தே தீரவேண்டும் என்று 1288-ஆம் ஆண்டிலேயே நகரச் சட்டம் விதித்தது. தரை வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை அனைவருக்கும் உரியது. பராமரிக்கும் பொறுப்பும் வீட்டுக்காரருடையதே. திண்ணையை நினைவூட்டும் இவ்வேற்பாடு வீட்டையும் வழியையும் பிரிக்காமல் ஒன்றாகக் கட்டியிருக்கிறது. இந்நடைபாதைகளை யுனெஸ்கோ நிறுவனம் 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அவ்வூரின் நடுமன்றமாகிய மஜ்ஜோரே சதுக்கம் 1968-இல் வண்டிகளுக்கு அடைக்கப்பட்டது. அதுவரை அது வண்டி நிறுத்துமிடமாகப் பாழ்பட்டுக் கிடந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் பொலோஞாவைப் பற்றித் தனியே கூற வேண்டியதில்லை. 1969-இல் பழைய நகரம் முழுவதற்கும் காப்புத் திட்டம் வகுத்தனர். கட்டடக்கலை வல்லுநரும் நகர்மன்றப் பொறுப்பாளருமான பியர் லூயீஜி செர்வெல்லாத்தி இதில் முன்னின்றார். மாளிகைகளையும் ஆலயங்களையும் மட்டும் அளந்து வரைந்தால் போதாது என்று கொண்டு, தொழிலாளர் குடியிருந்த சிறு வீடுகளையும் வகைப்படுத்தி ஆராய்ந்தனர். அவை குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் இருபுறப் பொதுச்சுவரும் உடையவை. அக்ரஹார வீட்டைக் கண்டவர்க்குப் புதியனவல்ல. 1973-இல், ஏழைகளுக்கு ஊர்ப்புறத்தில் புதுவீடு கட்டுவதற்கென இருந்த அரசுப் பணத்தைக் கொண்டே நடுநகரத்துப் பழைய வீடுகளைச் செப்பனிடும் துணிவான காரியத்தில் இறங்கினர். ஒரு வரிசை வீடுகளைச் செப்பனிடும் வரையில் அங்கிருந்தோருக்கு அருகிலேயே தற்காலிக இடம் கொடுத்து, வேலை முடிந்தபின் மீண்டும் குடியமர்த்தினர். வீடுகளை அரசே கையகப்படுத்துவது என்று முதலில் எண்ணியது எதிர்ப்பைக் கிளப்பியதால், சொந்தக்காரரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். செப்பனிட உதவித்தொகை அவருக்கு. வாடகையை உயர்த்தாமலும் குடியிருப்போரை வெளியேற்றாமலும் இருக்க வேண்டியது அவர் கடமை. எண்ணிய அளவு முழுவதும் நிறைவேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், கல்லைக் காப்பதும் குடியைக் காப்பதும் ஒரே காரியம் என்று சட்டமாகவே எழுதிச் செய்து காட்டிய பெருமை அவ்வூருக்கு உரியது. 1984-இல் நடுநகரத்தில் மோட்டார் வண்டிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி ஊராரின் கருத்தை வாக்கெடுப்பால் கேட்டபோது பெரும்பான்மையோர் அதற்கு இசைந்தனர். வீதியில் வீடுடையவர்க்கு அவ்வீதியைப் பற்றி வாக்களிக்கும் ஊக்கம் இருப்பது இயல்பே.

பாரத நாட்டில்

பாரத நாட்டிலும் இம்முயற்சி தொடங்கியிருக்கிறது. மதுரையில் மீனாக்ஷியம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளில் வண்டிகள் செல்வதில்லை. சேவார்த்திகள் கோபுரங்களை நின்று தரிசிக்கின்றனர். அமிர்தசரஸில் பொற்கோயிலுக்குச் செல்லும் வழி 2016-இல் நடப்போருக்கென அமைக்கப்பட்டது. இருபுறக் கட்டடங்களுக்கும் ஒரே மாதிரியான புதுமுகப்பும் இடப்பட்டது. முகப்பு ஒன்றானது கண்ணுக்கு இனிதாயினும், ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்த தனிமுகம் மறைந்ததே என்று வருந்துவோரும் உளர். டில்லியில் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரையிலான சாந்தினி சௌக் தெரு, 1.3 கிலோமீட்டர் நீளமுடையது, 2021 முதல் காலை ஒன்பது மணி தொடங்கி இரவு ஒன்பது மணி வரையில் மோட்டார் வண்டிகளுக்கு அடைக்கப்பட்டது. ஆனால் அத்தெருவை ஒட்டிய பழைய மாளிகைகள் பல, அதற்கு வெகுகாலம் முன்னரே மொத்த வியாபாரக் கிடங்குகளாகிவிட்டன. ரத்யா திரும்பக் கிடைத்தது. வீதீ கிடைப்பது அவ்வளவு எளிதன்று.

திருமலையின் செய்தி இன்னும் நெருக்கமானது. திருவேங்கடமுடையானின் மாடவீதிகளில் வண்டிகள் செல்வதில்லை; பாதரக்ஷையும் கூடாது. நடப்பவர்க்கு இத்துணைப் புனிதமாக ஒதுக்கப்பட்ட வீதி வேறெங்கும் இல்லை எனலாம். பிரம்மோத்ஸவத்தில் திரளும் பெருங்கூட்டத்திற்காக அவ்வீதிகளை அகலப்படுத்தியபோது, சூழ இருந்த பழைய வீடுகள் அகற்றப்பட்டன. வசித்தவர்களுக்கு மலைமேலேயே வேறிடம் அளிக்கப்பட்டது. கோயில் முன்பிருந்த ஆயிரங்கால் மண்டபமும் 2003-இல் பிரிக்கப்பட்டது. அவ்வளவு ஜனத்திரளுக்கு வேறு வழி ஏது என்பாரின் வாதம் தள்ளத்தக்கதன்று. கூட்ட நெரிசலில் ஓர் உயிர் போவதினும் வீதி அகலுவது மேல். ஆயினும், திருமலையின் அளவு திருமலைக்கே உரியது. ஏனைய திவ்யதேசங்களில் அதனையே உதாரணமாகக் கொண்டு, நடப்போர் வசதிக்கென்று சொல்லி மனை வரிசைகளை இடிக்க முற்பட்டால், எதனைக் காக்கத் தொடங்கினரோ அதுவே எஞ்சாது.

ஆதலின் ஒரு கோயிலூரில் இக்காரியம் தொடங்குவோர் முதலில் எண்ண வேண்டியவர்கள் அவ்வீதியில் குடியிருப்போர். அவர்களுள் நோயாளி இருப்பார். மருத்துவ வண்டி வாசல் வரையில் வரவேண்டும். தீயணைக்கும் வண்டிக்கு வழி இருக்கவேண்டும். அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் வந்தாக வேண்டும். விடியற்காலையில் சில மணி நேரம் அவற்றுக்கு ஒதுக்கினால் போதும். வீட்டாரின் சொந்த வண்டிக்கு மதிலுக்கு வெளியே நிலையான இடம் கிடைக்க வேண்டும். நடக்கமாட்டாத முதியோருக்கு மின்கல வண்டிகள் வேண்டும். பூக்காரியும் வளையற்கடைக்காரரும் நடைபாதை வியாபாரிகள் என்று விரட்டப்படாமல், அவரவர் இடம் குறிக்கப்பட்டு அமர வேண்டும். சுமைவண்டிகளைத் தள்ளிவிடும் அடுத்த தெருவின் கதி என்ன என்று முன்னரே பார்த்தல் வேண்டும். ரோமாபுரியார் இரவில் விழித்திருந்தது நினைவிற்குரியது. ஒரே நாளில் யாவற்றையும் அடைத்துவிடாமல், வெள்ளிக்கிழமை, ஏகாதசி, புறப்பாட்டு நாட்கள் என்று தொடங்கி, பழகிய பின்னர் நீட்டுவதே குடிகளுக்கும் வியாபாரிகளுக்கும் இசைவாகும்.

பழைய வீட்டைச் செப்பனிடுவோருக்கு உதவி என்பது இவற்றுள் கடினமானது. பணமும் சட்டமும் பொறுமையும் வேண்டுவது. எளிதானதும் ஒன்று உண்டு. சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிய தாரை இட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியிருக்கிறார். இதற்குப் புதிய திட்டமோ பெருநிதியோ தேவையில்லை. வேலை நடக்கும் நாளில் தெருவார் நாலுபேர் கூடி நின்று, சுரண்டிய பிறகே தார் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். தத்தம் ஊருக்குத் திரும்பும் அன்பர்கள் அவ்வூர்த் தேர்வீதியில் ஒருமுறை மெதுவாக நடந்து, பழைய வீடுகளின் வாசற்படிகளை எண்ணிப் பார்க்கலாம். எத்தனை படி தரைக்கு மேலே இருக்கிறது, எத்தனை புதைந்துவிட்டது என்பதை அவ்வீட்டு முதியவரைக் கேட்டால் சொல்லுவார்.